வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) சாம்பியன்கள் மோதினால்: கேள்வி பதில்

பதில்களுக்கு முன் ஒரு வேண்டுகோள். கற்பனை மோதலில் வீரரின் பெயர் மட்டும் போதாது. எந்த ஆண்டின் ஆள், எத்தனை சுற்றுப் போட்டி என்பவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். இவை இல்லாத கேள்விக்கு நானே ஓர் ஆண்டைத் தேர்ந்துகொள்வேன்; பிறகு சண்டைக்கு வரக்கூடாது.

கேள்வி: முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் வெல்வார்?

ஆண்டு தரப்படாததால், இருவரின் உச்சத்தையும் எடுத்துக்கொள்கிறேன். அலி என்றால் 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாவது சுற்றில் முடித்த அலி. டைசன் என்றால் 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் சாய்த்த டைசன்.

அலியிடம் ஒரு நிரந்தரக் குறை இருந்தது. கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, குத்து வரும்போது தலையை நேர் பின்னால் சாய்ப்பார். இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) அந்த வழியாகத்தான் அவரைத் தேடி வந்தது. 1963இல் ஹென்றி கூப்பரும், 1971 மார்ச்சில் பதினைந்தாவது சுற்றில் ஜோ ஃப்ரேசியரும் அவரைத் தரையில் வீழ்த்தியது இடது ஹூக்கால்தான். டைசனின் இடது ஹூக் அவர்கள் இருவருடையதற்கும் குறைந்ததல்ல. அதற்கு முன் விலாவில் ஒரு குத்து விழுந்து கையை இன்னும் கீழே இறக்கிவிடும் என்பது கூடுதல் ஆபத்து. ஆகவே முதல் நான்கு சுற்றுகளில் டைசனுக்கு உண்மையான வாய்ப்பு உண்டு.

ஆனால் 5 அடி 10 அங்குல உயரமும் 71 அங்குலக் கை வீச்சும் கொண்டவர், 6 அடி 3 அங்குலமும் 78 அங்குலமும் கொண்டவரை நெருங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 1987இல் ஜேம்ஸ் ஸ்மித் டைசனைக் கட்டிப்பிடித்தே 12 சுற்றுகளைக் கடத்தினார். அவர் வெல்ல முயலவில்லை, அவ்வளவுதான். 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், ஜாப் என்னும் நேரான முன்கைக் குத்தால் டைசனை நிலைகொள்ளவிடாமல் தடுத்து, நெருங்கியபோது பிடித்து, பத்தாவது சுற்றில் முடித்தார். அந்த இரண்டு வேலைகளையும் அலி அவர்களைவிட நன்றாகச் செய்வார். என் தீர்ப்பு: ஒன்பதாவது சுற்றுக்குப் பிறகு அலி.

1974ஆம் ஆண்டின் அலி என்றால் எனக்கு இந்த உறுதி இல்லை. கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனுக்கு எதிராக மேடைக் கயிற்றில் சாய்ந்து நின்றது பலித்ததற்கு, ஃபோர்மனின் குத்துகள் அகலமாகச் சுற்றி வந்ததும் ஒரு காரணம். டைசனின் குத்துகள் குறுகியவை, அடுக்கடுக்காக வருபவை. அவர் முன்னால் கயிற்றில் சாய்வது தற்கொலைக்குச் சமம்.

கேள்வி: ஃப்ரேசியர் அலியை வென்றார். அந்த ஃப்ரேசியரை ஃபோர்மன் இரண்டே சுற்றில் ஆறு முறை வீழ்த்தினார். அப்படியானால் ஃபோர்மன்தானே அலியைவிடச் சிறந்தவர்?

அதே கணக்கை நீட்டிப் பாருங்கள். 1973இல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். 1974 மார்ச்சில் நார்ட்டனையும் ஃபோர்மன் இரண்டாவது சுற்றில் முடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஃபோர்மனை அலி எட்டாவது சுற்றில் நாக் அவுட் செய்தார். குத்துச்சண்டையில் ஒருவரின் பாணி இன்னொருவரின் பாணிக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. முன்னோக்கி நடந்து வருபவர்கள் ஃபோர்மனுக்கு இரை; அலி அப்படி வருபவர் அல்லர்.

கேள்வி: அலி – டைசன், யார்?

முதல் பதிலைப் படிக்கவும்.

கேள்வி: ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அவரைவிட மேலானவர் எப்படி ஒருவர் இருக்க முடியும்?

தோல்வியே இல்லாத சாதனை மரியாதைக்குரியது. ஆனால் அது அவர் யாரை எப்போது வென்றார் என்பதைச் சொல்லாது. 1951இல் அவர் வென்ற ஜோ லூயிஸுக்கு வயது 37. 1952 செப்டம்பரில் அவர் பட்டம் பறித்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு வயது 38. அந்தப் போட்டியில் மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் மார்சியானோ பின்தங்கியிருந்து, பதிமூன்றாவது சுற்றில் ஒரே வலக்கைக் குத்தில் வென்றார். இன்றைய விதிப்படி பட்டப் போட்டி 12 சுற்றுகளில் முடிந்துவிடும். அன்று அந்த விதி இருந்திருந்தால் வால்காட் பட்டத்துடன் வீட்டுக்குப் போயிருப்பார், 49–0 என்ற எண்ணும் இருந்திருக்காது.

தவிர, மார்சியானோவின் எடை பெரும்பாலும் 185 பவுண்டை ஒட்டியே இருந்தது. இன்று 200 பவுண்டு வரை குரூசர்வெயிட், அதாவது ஹெவிவெயிட்டுக்குக் கீழான எடைப் பிரிவு. அவர் இப்போது ஆடினால் ஹெவிவெயிட் பிரிவிலேயே இருக்க மாட்டார்.

அதே அன்பர்: கணினியே மார்சியானோ அலியை வெல்வார் என்று கணித்ததே?

இந்தக் கதை ஓயாது போலிருக்கிறது. 1969இல் அலியையும் ஓய்வுபெற்ற மார்சியானோவையும் வைத்துப் பல சுற்றுகளைப் படம்பிடித்து, என்.சி.ஆர். 315 என்ற கணினியின் கணிப்பு என்று சொல்லி 1970 ஜனவரியில் திரையிட்டார்கள். அமெரிக்காவில் மார்சியானோ பதிமூன்றாவது சுற்றில் வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பதிப்பில் அலி வென்றார். கண்டத்துக்குக் கண்டம் மாறும் கணிப்பு எப்படிப்பட்ட கணிப்பு என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன். இதற்கு முன் வானொலிக்காக நடத்திய கணினிப் போட்டியில் ஜிம் ஜெஃப்ரிஸிடம் அலி தோற்றதாக அறிவித்து, அவர் கோபித்துக்கொண்டு வழக்குத் தொடுத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினி தனக்குத் தந்த எண்களைத்தான் திருப்பித் தரும்.

அதே அன்பர்: இன்றைய பயிற்சியும் உணவும் கிடைத்தால் மார்சியானோ 220 பவுண்டு இருப்பார். மேலும் 1919இல் 187 பவுண்டு ஜாக் டெம்ப்சி, 245 பவுண்டு ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தவில்லையா?

டெம்ப்சி நல்ல எடுத்துக்காட்டு, பாராட்டுகிறேன். ஆனால் வில்லார்டுக்கு அப்போது 37 வயது, 1916க்குப் பிறகு அவர் பட்டத்தைக் காக்க மேடையேறவே இல்லை. விழுந்தவர் எழும்போதே அடிக்கலாம் என்ற வழக்கமும் அன்று இருந்தது. டெம்ப்சி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இன்றாக இருந்தால் அவர் ஒவ்வொரு முறையும் நடுநிலை மூலைக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

எடை கூட்டும் யோசனையை நான் ஏற்கவில்லை. சுற்றுக்குச் சுற்று ஓயாமல் குத்திக்கொண்டே இருந்ததுதான் மார்சியானோவின் ஆயுதம். 35 பவுண்டு கூடுதல் சதையைச் சுமந்தால் அந்த மூச்சு நிற்குமா? 68 அங்குலத்துக்கும் குறைவான அவர் கை வீச்சு எந்தப் பயிற்சியாலும் வளராது. எதிரில் 84 அங்குலக் கையோடு லெனாக்ஸ் லூயிஸ் நிற்கிறார்.

உங்களுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்கிறேன். 15 சுற்றுகள், எதிராளி 200 பவுண்டுக்குள், 1952–55 காலத்து விதிகள் என்று வைத்தால், மார்சியானோவை வெல்லக்கூடியவர்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்கள் போதும். ஃபிளாயிட் பேட்டர்சனை அவர் நிச்சயம் முடித்திருப்பார். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம். மார்சியானோவைப் பற்றியே இன்னும் பல கேள்விகள் வந்துள்ளன, அவற்றுக்கும் இதுவே பதில்.

கேள்வி: மேவெதர் 50–0 என்பதால் மார்சியானோவை மிஞ்சிவிட்டாரா?

ஃபிளாயிட் மேவெதர் குறைந்த எடைப் பிரிவுகளில் ஆடியவர், என் பிரிவு அல்ல. இரண்டு எடைப் பிரிவுகளின் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

கேள்வி: ஜாக் ஜான்சனின் படங்களைப் பார்த்தேன். தத்தித் தத்தி ஆடுகிறார். இன்றைய வீரர் ஒரே சுற்றில் முடித்துவிட மாட்டாரா?

பழைய படச்சுருளை வைத்து வேகத்தை அளக்காதீர்கள். அவை கைப்பிடியைச் சுழற்றி எடுத்தவை. தவறான வேகத்தில் ஓட்டினால் யாரும் பொம்மைபோலத்தான் தெரிவார்கள். வேகத்தை மறந்து, எதிராளி குத்தைத் தொடங்கும்போதே அவர் முன்கையைப் பிடித்துவிடும் ஜான்சனின் திறமையைப் பாருங்கள். அவர் 45 சுற்றுப் போட்டிக்குப் பழகியவர். 1915இல் ஹவானாவில் வில்லார்டிடம் தோற்றது 26ஆவது சுற்றில். அவசரமில்லாமல் ஆடுவது அவருக்குப் பிழைப்பு. 12 சுற்றில் புள்ளிகளால் தோற்பார். ஒரே சுற்றில் அல்ல.

கேள்வி: அலியா டைசனா?

மேலே பார்க்கவும். இனி வந்தால் பதில் இல்லை.

கேள்வி: ஒலெக்சாண்டர் உசிக் பழைய சாம்பியன்களில் யாரை வெல்வார்?

இன்றைய கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். உசிக் இடக்கை வீரர். 1994இல் மைக்கேல் மூரர் வரும்வரை ஹெவிவெயிட் பட்டம் எந்த இடக்கை வீரரிடமும் இருந்ததில்லை. ஆகவே பழைய சாம்பியன்கள் அந்த நிலைக்குப் பெரிதாகப் பழகவில்லை. உச்சத்தில் இருந்த அலியேகூட 1966இல் பிராங்க்பர்ட்டில் கார்ல் மில்டன்பெர்கர் என்ற இடக்கை வீரரை முடிக்கப் பன்னிரண்டாவது சுற்றுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. உசிக், மில்டன்பெர்கரைவிட எல்லா வகையிலும் மேலானவர்.

அலியை அவர் வெல்வார் என்று நான் சொல்லமாட்டேன். ஜோ லூயிஸ் விஷயம் வேறு. லூயிஸின் கைகள் மின்னல், கால்கள் அப்படியல்ல. 1941இல் அவரைவிட மிக இலேசான பில்லி கான், சுற்றிச் சுற்றி ஆடி 12 சுற்றுகள்வரை நன்றாகவே தாக்குப்பிடித்து, பதிமூன்றாவதில் லூயிஸோடு நேருக்கு நேர் குத்தப்போய் விழுந்தார். உசிக் ஏறத்தாழ 220 பவுண்டு எடையில் இருக்கும் கான். 2024 மே மாதம் தன்னைவிட மிகப் பெரிய டைசன் ஃப்யூரியை வென்றவர். நேருக்கு நேர் நின்று குத்தும் ஆசை இல்லாதவர். 12 சுற்று என்றால் உசிக் புள்ளிகளால் வெல்வார். 15 சுற்று என்றால், கடைசி மூன்றில் ஒரு முறையாவது லூயிஸின் வலக்கை போய்ச் சேரும் என்று நினைக்கிறேன். அது சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு நிற்கவில்லை.