ஹார்ட்விக் ஹால் மாளிகையில் ஏன் அத்தனை ஜன்னல்கள்?

நேரடியாகச் சொன்னால், பணத்தைக் காட்டத்தான். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கண்ணாடி விலை உயர்ந்த பொருள், அதனால் 'சுவரைவிடக் கண்ணாடி அதிகம்' என்று ஊரே சொல்லும்படி ஒரு வீடு கட்டினால் அதற்குமேல் பெருமை பேசத் தேவையே இல்லை.

டெர்பிஷயரில் இதைக் கட்டியவர் பெஸ் ஆஃப் ஹார்ட்விக். நான்கு முறை மணந்தவர். நான்காவது கணவரான ஷ்ரூஸ்பரி பிரபு 1590இல் இறந்தார், அதே ஆண்டு வேலை தொடங்கி 1597இல் பெஸ் குடிபுகுந்தார். வடிவமைப்பு ராபர்ட் ஸ்மித்சன் என்ற கல் கொத்தனாருடையது என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, மாடி ஏற ஏற ஜன்னல்களின் உயரம் கூடுவது. கீழே வேலையாட்கள், நடுவில் குடும்பம் புழங்கும் அறைகள், உச்சியில் அரசியே வந்தாலும் வரவேற்கத் தகுந்த பெருங்கூடமும் நீண்ட காட்சிக்கூடமும். அதாவது வெளியே நின்று பார்த்தாலே எந்தத் தளம் முக்கியம் என்று புரிந்துவிடும்! புகைபோக்கிகளைப் பெரும்பாலும் உள்சுவர்களுக்குள் கொண்டுபோனதால்தான் வெளிச்சுவரில் இவ்வளவு கண்ணாடிக்கு இடம் கிடைத்தது. சமச்சீர் கெடக்கூடாது என்பதற்காகச் சில ஜன்னல்களுக்குப் பின்னால் வெறும் சுவரையே விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கல்லில் செதுக்கிய 'ஈ எஸ்', அது எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற பெஸ்ஸின் பெயரின் முதலெழுத்துகள் (பெஸ் என்பது எலிசபெத்தின் சுருக்கம்). பின்னாளில் டெவன்ஷயர் பிரபுக்களிடம் இருந்த மாளிகை, 1950இல் பத்தாவது பிரபு இறந்தபின் வந்த வாரிசு வரிக்கு ஈடாக அரசுக்குப் போய், 1959இல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்தது.