சிங்கப்பூர்க் காரை மன்னார்குடிக்குக் கொண்டு வரலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் பதினொரு வருடம் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு மன்னார்குடிக்கே திரும்புகிறோம். இரண்டு வருடமாக ஓட்டும் ஹோண்டா வெசல் ஹைபிரிட் கார் இருக்கிறது. ஒரு கீறல் கிடையாது. வீட்டுச் சாமான்களோடு கப்பலில் ஏற்றிவிட்டால் வரிச்சலுகை உண்டு என்கிறார் நண்பர். கொண்டு வரலாமா, விற்றுவிட்டு ஊரில் புதிது வாங்கலாமா?

பதில்: விற்றுவிட்டு வாருங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போல வைத்திருக்கும் வண்டியை விட்டுவிட்டு வர மனம் வராதுதான். ஆனால் கணக்கைப் பார்த்தால் வேறு பதில் சொல்ல எனக்கு வழியில்லை.

முதலில் நண்பர் சொன்ன சலுகை. நம் சுங்கச் சட்டம் 1962-இல் பயணிகளின் உடைமை எதுவென்று சொல்லும் இடத்திலேயே மோட்டார் வாகனம் அதில் சேராது என்று எழுதியிருக்கிறது. டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குக் கிடைக்கும் சலுகை காருக்கு இல்லை. பத்து வருடம் வெளிநாட்டில் இருந்தாலும் இதே கதைதான்.

அப்புறம் நிபந்தனைகள். பழைய கார் என்றால் தயாரித்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் பதிவான நாளை இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். ஜப்பானில் செய்து, கப்பலில் வந்து, டீலரிடம் சில மாதம் நின்ற வண்டி என்றால் நீங்கள் நினைப்பதைவிட அதற்கு வயது கூடுதல். ஊருக்குக் கிளம்பும்போது மூன்றைத் தாண்டியிருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், வேகமானி கிலோமீட்டரில் இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பழைய கார் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும்தான் உள்ளே வரலாம், சென்னையில் இறக்க முடியாது. இந்தியப் பதிவு இல்லாமல் சாலையில் ஓட்டவும் முடியாது என்பதால் மும்பையிலிருந்து மன்னார்குடி வரை லாரியில்தான் வர வேண்டும்.

இனி பணம். கணக்கு எளிதாக இருக்க, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துச் சுங்கத்துறை உங்கள் வண்டியை 10 லட்ச ரூபாய் என்று மதிப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். 2025 பட்ஜெட்டில் வைத்த வீதப்படி பழைய காருக்குச் சுங்க வரியும் வேளாண் கட்டமைப்பு வரியும் சேர்ந்து 137.5 சதவீதம், அதாவது 13.75 லட்சம். ஆகமொத்தம் 23.75 லட்சம். வரியும் சேர்ந்த அந்தத் தொகையின் மேல்தான் ஜிஎஸ்டி போடுவார்கள். நான்கு மீட்டருக்கு மேல் நீளமான உங்கள் வண்டிக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் இருக்கும் வீதம் 40 சதவீதம். இன்னும் 9.5 லட்சம். துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதே 33.25 லட்சம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அது ஆறரை லட்சத்துக்கு மேல் வரும். கிளியரிங் ஏஜென்ட் கூலி, சோதனைக் கட்டணம், லாரி வாடகை எல்லாம் தனி.

ஆக, 10 லட்சம் மதிப்புள்ள பழைய வண்டி வாசலில் வந்து நிற்பதற்குள் 40 லட்சத்தைத் தொடுகிறது. ஏறக்குறைய இதே அளவில், ஹைபிரிட் எஞ்சினோடு, டொயோட்டா ஹைரைடரோ மாருதி கிராண்ட் விட்டாராவோ ஆன்ரோடு விலையில் 20 முதல் 25 லட்சத்துக்குள் புத்தம் புதிதாகக் கிடைக்கும். வாரண்டியும் இருக்கும், தஞ்சாவூரிலேயே சர்வீஸும் பார்த்துக்கொள்ளலாம்.

சர்வீஸ் என்றதும் என் சித்தப்பா மகன் நினைவுதான் வருகிறது. மலேசியாவிலிருந்து ஆசை ஆசையாக ஒரு காரைக் கொண்டு வந்தான். கும்பகோணத்துச் சந்து ஒன்றில் ஷேர் ஆட்டோ உரசி இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. உள்ளேயே இண்டிகேட்டரும் கேமராவும் இருக்கிற கண்ணாடி அது. அந்த மாடல் இந்தியாவில் விற்பனையிலேயே இல்லாததால் எந்த ஷோரூமிலும் அந்தப் பாகம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஏழு வாரம் ஆனது. அதுவரை பிரவுன் டேப் சுற்றிய கண்ணாடியோடுதான் ஓட்டினான். ஒவ்வொரு முறை வளைவிலும் சித்தி பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “வண்டி வருதுடா” என்று சொல்லிக்கொண்டே வருவார். வெசலும் இங்கே விற்பனையில் இல்லாத மாடல். ஒரு கண்ணாடிக்கே இந்தப் பாடு என்றால் ஹைபிரிட் பேட்டரிக்கு என்ன செய்வீர்கள்?

இன்னொன்றும் யோசியுங்கள். சிங்கப்பூரில் நீங்கள் கொடுத்த விலையில் பெரும்பங்கு வண்டிக்காகக் கொடுத்ததே அல்ல, சிஓஇ-க்கும் (குறிப்பிட்ட காலத்துக்குக் கார் வைத்திருக்க அங்கே வாங்க வேண்டிய உரிமச் சான்று) பதிவு வரிக்கும் கொடுத்தது. பதிவை ரத்து செய்யும்போது சிஓஇ-யில் மீதமிருக்கும் காலத்துக்கு உரிய தொகை திரும்பக் கிடைக்கும். பதிவு வரியிலும் விதிப்படி ஒரு பங்கு வரும். வண்டியைக் கப்பலில் ஏற்றுவதால் இதில் ஒரு டாலர்கூட அதிகமாகக் கிடைக்காது. அங்கேயே மூன்று நான்கு டீலரிடம் விலை கேட்டு விற்றுவிட்டு, பணத்தோடு வாருங்கள்.

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கிறேன், ஊர் கீழக்கரை. என் நிசான் சன்னியை ஊருக்குக் கொண்டு வர முடியுமா? ஸ்டியரிங்கை மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: முடியாது. அமீரகத்து வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம் இறக்குமதி விதி அதை ஏற்காது. மாற்றித் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். டேஷ்போர்டு, பிரேக், ஏர்பேக், முகப்பு விளக்கு எல்லாமே இடம் மாற வேண்டிய வேலை அது. அப்படி வெட்டி ஒட்டிய வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். வளைகுடாவில் ஓடும் சன்னி பலவும் நம் ஒரகடத்தில் செய்து கப்பலேறியவைதான். அதையே திருப்பிக் கொண்டு வர இத்தனை பாடு எதற்கு?

கேள்வி: பொள்ளாச்சியில் ஒருவர் பழைய லேண்ட் குரூசரைப் பாதி விலைக்குத் தருகிறார். இமாசலப் பதிவெண். ‘வெளிநாட்டு வண்டி, வரியெல்லாம் கட்டியாச்சு’ என்கிறார். 50 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நம்பலாமா?

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் நடத்திய சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். பூடான் வழியாக வரி கட்டாமல் கொண்டு வந்து, போலி ஆவணங்களை வைத்து இமாசலம் உள்ளிட்ட வெளிமாநிலங்களில் பதிவு செய்து விற்றதாகச் சொல்லப்பட்ட வண்டிகளைத் தேடிய சோதனை அது. லேண்ட் குரூசர்களும் அதில் பிடிபட்டன. வாங்கியவர் விவரம் தெரியாமல் வாங்கியிருந்தாலும் வண்டி பறிமுதல் ஆகலாம். விற்றவரைத் தேடி அலைவதும் வாங்கியவர்தான்.

உங்கள் வண்டியும் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரி கட்டியது உண்மை என்றால் சுங்கத்துறையின் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்ற ஆவணம் அவரிடம் இருக்கும். அதைக் கேளுங்கள். ஆர்சி புத்தகம் மட்டும் போதாது. அந்த ஆவணத்தில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு நீங்களே குனிந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி ராவிய தடமோ புது பெயிண்டோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதே எண் வாகனப் பதிவுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் என்ன காட்டுகிறது, முதலில் எந்த ஆர்டிஓ-வில் பதிவானது என்பதையும் பாருங்கள்.

‘பேப்பர் ஏஜென்ட்டிடம் இருக்கிறது, அடுத்த வாரம் வரும்’ என்று அவர் இழுத்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். கொடுத்த ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்ஆப் பேச்சு எல்லாவற்றையும் இன்றைக்கே பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க அவை வேண்டும்.