தவணையில் 4கே மானிட்டர் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 28. கோலாலம்பூர் செந்தூலில் அம்மாவுடன் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஷா ஆலமில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தமெல்லாம் போக 3,400 வெள்ளி (ரிங்கிட்) கைக்கு வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். 14 அங்குல லேப்டாப்பில் எக்செல் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்துவிட்டது. இரவில் ஒரு மணி நேரம் வெலோரண்ட் அல்லது டோட்டா விளையாடுவேன். லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 27 அங்குல 4கே மானிட்டர், 144 ஹெர்ட்ஸ், 2,199 வெள்ளிக்கு ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். இப்போது வாங்கிப் பிறகு கட்டும் திட்டத்தில் 12 மாதத் தவணை, மாதம் 1.5 விழுக்காடு கட்டணம். சேமிப்பில் 2,600 வெள்ளி இருக்கிறது. கிரெடிட் கார்டில் 1,200 வெள்ளி பாக்கி. மாதம் 60 வெள்ளி கட்டுகிறேன், போன வருடம் மூன்று மாதம் தவறிப்போனது. "வீட்டில்தான் டிவி இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்கிறார் அம்மா. வாங்கலாமா?

பதில்: தம்பி, மானிட்டர் வாங்குங்கள். ஆனால் இது வேண்டாம், இப்போதும் வேண்டாம்.

முதலில் அந்தத் தவணைக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 1.5 விழுக்காடு என்றால் 33 வெள்ளி. ஒரு நாசி லெமாக், ஒரு தே தாரிக் என்று நாலைந்து நாள் காலைச் செலவுதானே என்று தோன்றும். 12 மாதத்துக்கு 396 வெள்ளி. மொத்தம் 2,595, மாதத் தவணை 216 வெள்ளி. வருடத்துக்கு 18 விழுக்காடு வட்டி என்றுதான் நீங்களும் கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆறாவது மாதத்தில் பாதிக் கடனை அடைத்திருப்பீர்கள், ஆனாலும் கட்டணம் மட்டும் முழு 2,199-க்கும் ஓடிக்கொண்டே இருக்கும். குறைந்து வரும் பாக்கியை வைத்துக் கணக்கிட்டால் வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 32 விழுக்காடு. உங்கள் கிரெடிட் கார்டே அவ்வளவு வாங்குவதில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், எக்செலில் ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள்.

சரி, காசு கையிலேயே இருந்தாலும் அந்தத் திரை உங்களுக்குப் பொருந்துமா? 4கே திரையில் 83 லட்சம் பிக்சல், அதாவது படத்தை உண்டாக்கும் புள்ளிகள். சாதாரண 1080பி திரையைப் போல் நாலு மடங்கு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் அத்தனை பிக்சலில் விளையாட்டை ஓட்டினால் மூச்சு வாங்கும். போதாக்குறைக்கு, திரைக்குப் படம் அனுப்பும் கம்பியைச் சொருக உங்கள் லேப்டாப்பில் இருப்பது பழைய எச்டிஎம்ஐ 1.4 துளை என்றால் 4கே படம் நொடிக்கு 30 தடவைதான், அதாவது 30 ஹெர்ட்ஸில்தான் போய்ச் சேரும். 144 ஹெர்ட்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு 30-இல் மவுஸை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "மானிட்டர் வீணாகிறதே" என்று ஒரு கேமிங் பிசி, அதற்கும் ஒரு தவணை.

எக்செலுக்காவது 4கே உதவுமா என்றால், 27 அங்குலத்தில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். விண்டோஸில் 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்குவீர்கள். பெரிதாக்கியதும், எக்செலில் எத்தனை நெடுவரிசை தெரியும் என்று எண்ணினால் அது 1440பி திரையில் (1080பி-க்கும் 4கே-க்கும் நடுவில் இருப்பது) தெரிவதற்குச் சமம். எழுத்து கூர்மையாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பட்டியலின் வலது ஓரம் இம்மிகூட நகராது.

நாள் முழுக்கப் பார்ப்பது எக்செல். விளையாட்டு ஒரு மணி நேரம். காசையும் அந்தக் கணக்கில் பிரிக்க வேண்டும். என் தேர்வு 27 அங்குலம், 1440பி, ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை). 700 முதல் 1,000 வெள்ளிக்குள் நல்லதாகவே கிடைக்கும். விளையாடும்போது 1080-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், படம் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை. எச்டிஎம்ஐ 1.4 துளையே என்றாலும் 1440பி-யை 60 ஹெர்ட்ஸில் தாராளமாக ஓட்டலாம். டைப்-சி துளையில் படம் வெளியே வரும் வசதி இருந்தால் அதைவிட வேகமாகவும் ஓடும். நாளை லேப்டாப்பை மாற்றினாலும் திரை கூடவே இருக்கும்.

ஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16.7 மில்லி விநாடி. 144-இல் 6.9. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 240-க்குப் போனால் 4.2. மூன்று மில்லி விநாடிகூட மிச்சமில்லாத அந்தக் கடைசிப் படிக்குத்தான் கடைக்காரர் நூற்றுக்கணக்கில் கூட்டுவார். உங்கள் லேப்டாப்புக்கு 100 ஹெர்ட்ஸே அதிகம்.

பட்ஜெட் இன்னும் இறங்க வேண்டும் என்றால் 24 அங்குலம், 1080பி, 400 முதல் 500 வெள்ளி. 27 அங்குலத்தில் 1080பி மட்டும் வேண்டவே வேண்டாம். மலிவு என்று நான் ஒரு தடவை வாங்கி, எழுத்தின் ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி தெரிந்து, கடைசியில் அது என் மகனின் கார்ட்டூன் திரையாகிவிட்டது.

கழுத்து வலிக்குத் திரையைவிட அதன் உயரம்தான் முக்கியம். மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மலிவான ஸ்டாண்டு முன்னும் பின்னும் சாயும், ஏறாது. பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டு கிடந்தால் அடியில் வையுங்கள், அதற்குக் காசு இல்லை.

இனி காசு எங்கிருந்து? சேமிப்பில் 1,200 எடுத்து கார்டு பாக்கியை இன்றைக்கே அடையுங்கள். மூன்று மாதம் தவறியதால் உங்களுக்கு வட்டி வருடத்துக்கு 18 விழுக்காடு என்ற மேல்படியில் இருக்கும். இந்த மாதம் கட்டும் 60 வெள்ளியில் 18 வெள்ளி வட்டிக்கே போகிறது. சேமிப்புக் கணக்கில் அந்த 1,200 தூங்கி என்ன சம்பாதிக்கிறது? மீதி 1,400-ஐத் தொட வேண்டாம். அம்மாவுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியவில்லை என்றால் அதுதான் கைகொடுக்கும்.

மாதம் 216 வெள்ளி தவணை கட்ட நீங்கள் தயாராகத்தானே இருந்தீர்கள். கார்டுக்குப் போன 60-ம் இப்போது மிச்சம். இரண்டும் சேர்ந்து 276. சம்பளம் போட்ட அன்றே தனியாக எடுத்து வையுங்கள். மூன்று மாதத்தில் 828 வெள்ளி. ரொக்கமாக வாங்கலாம். நான்காவது மாதம் முதல் அதே 276 சேமிப்புக்குத் திரும்பட்டும். இதற்கிடையில் ஒரு பெரிய மலிவு விற்பனை வந்தே தீரும், ஆனால் இரண்டு வாரம் முன்பே விலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிவிட்டு இறக்குவது நம்மூரில் புதிதா?

வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கு 2,500 வெள்ளி வரை கழிவு உண்டே என்று யாராவது சொல்லுவார்கள். அங்கே கருவிகள் என்று எழுதியிருப்பது தனிக் கணினி, கைத்தொலைபேசி, டேப்லெட். மானிட்டர் மட்டும் வாங்கிவிட்டு அதை நம்பி இருக்க வேண்டாம்.

அம்மா கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சின்ன டிவிகளில் பல 1366-க்கு 768 பிக்சல்தான். ஒரு கை தூரத்தில் வைத்து எக்செல் பார்த்தால் கழுத்தோடு கண்ணும் போய்விடும். அதோடு, அம்மாவின் சீரியல் நேரத்தில் உங்களுக்கு டோட்டா கிடைக்காது.

வாங்கும் அன்று கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரில் போங்கள். பில் போடும் முன் அதிலேயே சொருகி, திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, செத்த புள்ளி (நிறம் மாறாமல் அப்படியே நிற்கும் பிக்சல்) இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனிகள் ஒன்றிரண்டு புள்ளியைப் பழுதாகவே எடுத்துக்கொள்வதில்லை. நான் பார்க்காமல் தூக்கி வந்து, நடுத்திரையில் ஒரு பச்சைப் புள்ளியோடு நாலு வருடம் குடும்பம் நடத்தினேன். பெரிய பழுது வந்து கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. பில் வேண்டும். பெட்டியையும் ஒரு மாதத்துக்குக் கட்டிலடியில் போட்டு வையுங்கள், அம்மா திட்டினாலும் பரவாயில்லை.