வீட்டில் எதிர்ப்பு: என்ன பதில் சொல்வேன்?

கேள்வி: எனக்கு வயது 24. திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரித் தோழி மூலமாக இயேசுவை அறிந்து, இரண்டு ஆண்டுகளாகச் சபைக்குப் போகிறேன். ஞானஸ்நானம் இன்னும் எடுக்கவில்லை. பொங்கலன்று பானை முன் கும்பிட மறுத்து, 'இதெல்லாம் விக்கிரக ஆராதனை' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. அண்ணன் என் வேதாகமத்தைக் கிழித்தார், கன்னத்தில் அறைந்தார். சாதிச் சான்றிதழ் போய்விடும் என்று பயமுறுத்துகிறார். மாப்பிள்ளையும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஜெபக்குழுவினரோ வீட்டை விட்டு வந்துவிடச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?
- வாசகி, தாராபுரம் வட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

அண்ணன் கை நீட்டியதை முதலில் பேசிவிடுகிறேன். கிறிஸ்துவுக்காகப் பாடுபடுவது பாக்கியம், அடியை வாங்கிக்கொண்டு பேசாமல் இரு என்று சொல்பவர்கள் உண்டு. யோவான் 18-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிரதான ஆசாரியனின் முன்னால் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை; வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை. நான் பேசியது தகாதது என்றால் அதைக் காட்டு, தகுந்தது என்றால் ஏன் அடிக்கிறாய் என்று அவனிடமே கேட்டார். அண்ணனின் கோபம் தணிந்திருக்கும் ஒரு நேரம் பார்த்து, அம்மாவின் முன்னிலையில் அதே கேள்வியைக் கேளுங்கள். மறுபடியும் கை நீண்டால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, கூடப்பிறந்தவளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. புகார் கொடுப்பது விசுவாசக் குறைவு ஆகாது. சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தான் ரோமக் குடிமகன் என்று சொல்லித்தான் அப்போஸ்தலரான பவுல் அதைத் தடுத்தார்.

அப்பாவின் மௌனத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதையும் 'உபத்திரவம்' என்று ஜெபக்குழுவில் சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண் கைவிட்டுப் போகிறாள், உறவில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது, நாளைக்கு நல்லது கெட்டது என்றால் யார் வந்து நிற்பார்கள் என்ற பயம் அது. பயந்திருக்கும் மனிதரிடம் வசனத்தை எடுத்துவைத்து வாதாடிப் பயனில்லை. வேலை முடிந்து வந்ததும் முன்பு போலவே அவர் பக்கத்தில் உட்காருங்கள். மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள். அவர் பதில் பேசாவிட்டாலும் கேளுங்கள். 'நான் எங்கும் போய்விடவில்லை அப்பா' என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரியும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி பொங்கல். கும்பிட மறுத்ததில் நான் குறை காண மாட்டேன். அது உங்கள் மனசாட்சி. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. விடிவதற்கு முன் எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, புதுப் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். உன் கையால் செய்தது எனக்கு ஆகாது என்று மகள் சொன்னதாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கும். எபேசு பட்டணத்தில் தியானாள் தேவியின் பெயரைச் சொல்லிப் பெரும் கலகம் எழுந்தபோது, அந்த நகரத்து அதிகாரியே, இவர்கள் உங்கள் தேவியைப் பழித்தவர்கள் அல்ல என்று பவுலின் தோழர்களுக்காகச் சாட்சி சொன்னார். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. நம்மை எதிர்க்கிற ஊர் நம்மைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா என்று நாம் எல்லோருமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மாவிடம் அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் விசுவாசத்துக்காக அல்ல, அந்தச் சொல்லுக்காக மட்டும். அடுத்த பொங்கலுக்குக் கோலம் நீங்கள் போடுங்கள், வெல்லம் தட்டிக் கொடுங்கள், பட்டிப் பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசுங்கள். தீபம் காட்டும் நேரத்தில் மட்டும் சத்தமில்லாமல் பின்னால் நின்றுகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ கத்தோலிக்க ஆலயங்களின் முற்றத்திலேயே தை முதல் நாளில் பொங்கல் வைக்கிறார்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பிள்ளை, தான் கற்ற கம்பனைத் தூக்கி எறியவில்லை. அந்தத் தமிழிலேயே கிறிஸ்துவைப் பாடிக் கிறிஸ்தவக் கம்பர் என்று பெயர் வாங்கினார்.

வீட்டை விட்டு வருவது பற்றி: இப்போது வேண்டாம். அடி தொடர்ந்து, இருக்கவே முடியாது என்ற நிலை வந்தால், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் தங்குங்கள். உங்கள்மேல் பிரியமுள்ள அத்தைக்கோ சித்திக்கோ முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். சபையார் வீட்டில் போய்த் தங்காதீர்கள். பெண்ணைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற பேச்சு எழுந்தால், அப்பா திரும்பிப் பேச நினைத்தாலும் ஊர் அவரை விடாது.

சான்றிதழைப் பற்றி அண்ணன் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியினர் கிறிஸ்தவராக மாறினால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இது அநியாயம் என்பது என் கருத்து. ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான். நீங்கள் அந்தப் பிரிவு என்றால், ஞானஸ்நானத்துக்கு முன்பே ஒரு வழக்கறிஞரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காகிதத்தில் ஒன்று, வாழ்க்கையில் ஒன்று என்று ஓட்டலாம் என யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எந்த மதத்தைப் பின்பற்றுவது என்பதை முடிவு செய்யும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு உங்களுக்குத் தந்திருக்கிறது. ஒளித்து வாழ வேண்டிய அவசியம் இல்லை.

மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஒளிக்க வேண்டாம். பெண் பார்க்க வருவதற்கு முன்பே அப்பாவிடம், 'என் நம்பிக்கை இது என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நானே சொல்கிறேன்' என்று பணிவாகச் சொல்லுங்கள். தாம்பூலம் மாற்றிய பிறகு தெரியவந்தால் உறவினர் முன்னால் தலைகுனிந்து நிற்கப்போவது அப்பாதான். இதை அவரிடம் நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால், அம்மா மூலமாக இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.