கணினி கேள்வி-பதில்: பாப்-அப் பட்டன் படுத்தும் பாடு

கேள்வி: மேக்குக்காக ஒரு சின்ன அப்ளிகேஷன் எழுதுகிறேன். விண்டோவின் மேல் மூலையில் "செயல்கள்" என்று ஒரு பாப்-அப் பட்டன் (அமுக்கினால் மெனு விரியும் பட்டன்), அதற்குள் நகலெடு, பெயர் மாற்று, நீக்கு. யாராவது "நீக்கு" என்பதை அமுக்கினால் வேலை நடக்கிறது, ஆனால் பட்டன் மேலும் "நீக்கு" என்றே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தலைப்பைத் திரும்ப எழுதிப் பார்த்தும் சரிவரவில்லை.

பதில்: தலைப்போடு மல்லுக்கட்டாதீர்கள், அந்தப் பட்டனின் சுபாவமே அதுதான். இப்போது எது தேர்வில் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருப்பதுதான் பாப்-அப்பின் வேலை. எழுத்துரு, தாளின் அளவு, மொழி போன்றவற்றுக்குப் பொருந்தும். நீக்குவது ஒரு தடவை செய்து முடிக்கிற காரியம், அதற்கு வேண்டியது தலைப்பு மாறாமல் வேலைகளை மட்டும் அடுக்கிக் காட்டும் புல்-டவுன். ஆப்பிளின் ஆப்கிட் என்ற டூல்கிட்டில் (விண்டோ, பட்டன், மெனு உருவாக்க உதவும் நிரல் தொகுப்பு) இரண்டுக்கும் என்எஸ்பாப்அப்பட்டன் என்ற ஒரே கிளாஸ்தான் என்பதால் பலரும் இங்கே தடுக்கி விழுகிறார்கள். அதன் புல்ஸ்-டவுன் பிராப்பர்ட்டியை ட்ரூ ஆக்குங்கள், தலைப்பு அசையாது.

ஆக்கியதும் அடுத்த அதிர்ச்சி வரும்: மெனுவில் "நகலெடு" காணாமல் போயிருக்கும்! பயப்பட வேண்டாம். புல்-டவுனில் 0-ஆம் ஐட்டம் (அதாவது முதலாவது) மெனுவுக்குள் தெரியாது, அதைத்தான் பட்டன் தன் தலைப்பாக எடுத்துக்கொள்கிறது. அதனால் முதல் ஐட்டமாக "செயல்கள்" என்பதைச் செருகிவிட்டு, நிஜமான வேலைகளை 1-லிருந்து எண்ணுங்கள். பார்வைக்கும் வித்தியாசம் உண்டு. பாப்-அப்பில் மேலும் கீழுமாக இரட்டை அம்பு இருக்கும், திறந்தால் இப்போதைய தேர்வு பட்டனின் மேலேயே வந்து உட்காரும்படி மெனு விரியும். புல்-டவுனில் கீழ்நோக்கி ஒரே அம்பு, மெனுவும் பட்டனுக்குக் கீழேதான். பழகிய பயனர்கள் இந்த அம்பை வைத்தே அமுக்கினால் என்ன ஆகும் என்று ஊகிக்கிறார்கள், அதனால் தவறான வகையை வைத்துவிட்டு கோடில் (நிரலில்) ஒட்டுப்போட்டு ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கேள்வி: அதே பட்டனில் வாடிக்கையாளர் பெயர்களைப் போடுகிறேன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மறைந்துவிடுகிறார். டேட்டாபேஸில் இருவரும் பத்திரமாக இருக்கிறார்கள்.

பதில்: டேட்டாபேஸைத் தோண்டி நேரத்தை வீணாக்காதீர்கள். பட்டனின் ஆட்-ஐட்டம்-வித்-டைட்டில் மெத்தட் அப்படித்தான்: அதே தலைப்பில் ஏற்கெனவே ஒரு ஐட்டம் இருந்தால் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதைக் கடைசியில் சேர்க்கும். எரரும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. நீங்களே ஒரு என்எஸ்மெனுஐட்டம் உருவாக்கி, பட்டனுக்குள் இருக்கும் மெனுவில் நேராகச் சேர்த்தால் இரண்டும் நிற்கும். அந்த ஐட்டத்தின் ரெப்ரசென்டட்-ஆப்ஜெக்ட்டில் வாடிக்கையாளரையே மாட்டிவிடுங்கள், தேர்வானதும் தலைப்பைப் பார்க்காமல் அதைப் பாருங்கள். (திரையில் ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தால் பயனர் எப்படிப் பிரித்தறிவார்? பக்கத்தில் வாடிக்கையாளர் எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள்.)

எந்த டூல்கிட் ஆனாலும் இதே கதைதான். தலைப்பை ஒப்பிட்டு எழுதிய கோடு, மெனுவை இன்னொரு மொழிக்கு மாற்றிய அன்றே படுத்துவிடும். இண்டெக்ஸை (வரிசை எண்ணை) சேமிப்பதும் அதைவிட மேல் என்று சொல்ல முடியாது. முதல் இடத்தில் ஏ4 இருந்தபோது 0 என்று சேமித்தவர்களுக்கு, அடுத்த வெர்ஷனில் அதற்கு மேலே ஏ3-ஐச் செருகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஐட்டத்துக்கென்று மாறாத ஒரு அடையாளம் வேண்டும். க்யூட்டி என்ற டூல்கிட்டில் ஆட்-ஐட்டத்துக்கு டேட்டாவாகக் கொடுத்து ஃபைண்ட்-டேட்டாவால் தேடலாம், வெப் பக்கத்தின் செலக்ட்டில் ஆப்ஷனின் வேல்யூ இருக்கிறது. ஆப்கிட்டில் ஐட்டத்துக்கு அடையாளமாக டேக் எண் வைப்பதானால் 1-லிருந்து தொடங்குங்கள். டேக் வைக்காத ஐட்டம் எல்லாவற்றுக்கும், ஐட்டங்களைப் பிரிக்கும் கிடைக்கோடாக வரும் செப்பரேட்டருக்கும்கூட, டேக் 0தான். 0-ஐத் தேடினால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: க்யூட்டியில் செட்டிங்ஸ் விண்டோ திறந்தாலே, நான் எதையும் தொடாமல், சேமிக்கும் ஃபங்ஷன் தானாக ஓடுகிறது. பழைய செட்டிங்கும் அழிந்துவிடுகிறது.

பதில்: கரண்ட்-இண்டெக்ஸ்-சேஞ்ச்டு சிக்னலில் (தேர்வு மாறியதை அறிவிக்கும் தகவல்) இணைத்திருப்பீர்கள். காலியான க்யூகாம்போபாக்ஸில் (க்யூட்டியின் தேர்வுப் பட்டியலில்) முதல் ஐட்டத்தைப் போட்டவுடன் இண்டெக்ஸ் -1-லிருந்து 0-க்குப் போகிறது, சிக்னலும் கிளம்பிவிடுகிறது. மாற்றியது மனிதனா கோடா என்று அது பார்ப்பதில்லை. ஆக்டிவேட்டட் என்ற சிக்னல் பயனர் கைப்படத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே வரும், அதில் இணையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஏற்கெனவே இருந்ததையே திரும்ப எடுத்தாலும் அது வரும். அல்லது லிஸ்டை நிரப்பி, பழைய தேர்வையும் வைத்து முடித்த பிறகு கனெக்ட் செய்யுங்கள், எனக்குப் பிடித்தது இந்த வழிதான். ஜாவாவின் ஸ்விங் டூல்கிட்டில் உள்ள ஜேகாம்போபாக்ஸிலும் இதே தொல்லை உண்டு. வெப் செலக்ட்டில் நேர்மாறு: கோடால் மதிப்பை மாற்றினால் சேஞ்ச் ஈவண்ட் வரவே வராது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இங்கேதான் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

கேள்வி: பைத்தானின் டிகேஇன்டர் டூல்கிட்டில் மெனுபட்டனுக்குள் ஃபார் லூப் போட்டு ஐட்டங்களைச் சேர்த்தேன். எதை அமுக்கினாலும் கடைசி ஐட்டத்தின் வேலைதான் நடக்கிறது. மேலே ஒரு புள்ளிக்கோடு வேறு.

பதில்: ஐட்டத்தின் வேலையை லாம்டாவாக (பெயரில்லாத குட்டி ஃபங்ஷனாக) எழுதியிருப்பீர்கள். அது லூப் வேரியபிளின் மதிப்பை எழுதும்போது பிடித்து வைப்பதில்லை, அமுக்கும்போதுதான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து கடைசி மதிப்பு மட்டும் நிற்கிறது. வேரியபிளை லாம்டாவின் டிஃபால்ட் ஆர்கியுமென்டாக வைத்துவிடுங்கள், சரியாகிவிடும். புள்ளிக்கோடு என்பது மெனுவைத் தனி விண்டோவாகக் கிழித்தெடுக்கும் டேர்-ஆஃப் வசதி, மெனுவை உருவாக்கும்போதே டேர்-ஆஃப் 0 என்று கொடுங்கள்.

கேள்வி: பாப்-அப்பில் எத்தனை ஐட்டம் வரை வைக்கலாம்?

பதில்: இரண்டு மூன்றுதான் என்றால் பாப்-அப்பே வேண்டாம், எல்லாம் கண்ணெதிரே தெரியும்படி ரேடியோ பட்டன் வையுங்கள். ஐந்திலிருந்து பத்துப் பதினைந்து வரை சுகம். 200 மொழிகளை அடுக்கினால் ஸ்க்ரோல் செய்தே விரல் தேயும். அங்கே தட்டச்சு செய்து தேடும் வசதி வேண்டும். ஜிடிகே 4 டூல்கிட்டின் டிராப்டவுனில் தேடல் உள்ளேயே இருக்கிறது, ஆனால் எக்ஸ்பிரஷன் பிராப்பர்ட்டியையும் (ஐட்டத்திலிருந்து தேட வேண்டிய எழுத்தை எடுத்துத் தருவது) சேர்த்து அமைத்தால்தான் அது வேலை செய்யும்.