150 கோடி மோதலுக்கு ஒரு ஹிக்ஸ்

கேள்வி: ஜெனீவாவில் உள்ள எல்.எச்.சி. துகள் மோதுவி 'இந்த ஆண்டு நன்றாக ஓடியது' என்று செய்தியில் படித்தேன். புரோட்டான்களை மோதவிடும் இயந்திரம் நன்றாக ஓடியதா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? வேகத்தையா?
- கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: வேகத்தை வைத்து இல்லை. புரோட்டான்கள் எப்போதோ ஒளியின் வேகத்தை ஒட்டிப் போய்விட்டன, இனி அதில் கூட்டுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. மோதல் ஆற்றல் முக்கியம்தான், ஆனால் 2022லிருந்து அது 13.6 டெராஎலக்ட்ரான்வோல்ட்டிலேயே நிற்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் தினமும் பார்ப்பது இதுவரை எத்தனை மோதல் சேர்ந்தது என்ற கணக்கைத்தான். அதன் அலகுக்கு இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன் என்று பெயர். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், இப்போதைய ஆற்றலில் ஒரு இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன் என்பது சுமார் 80 லட்சம் கோடி மோதல், அவ்வளவுதான். 2010ல் வருடம் முழுக்கச் சேர்த்தும் இந்த அலகில் 0.05கூடத் தேறவில்லை. மற்றத் துகள்களுக்கு நிறை வருவதோடு தொடர்புள்ள ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்த 2012ல் 23 வந்தது. 2024ல் மோதலைப் பதிவுசெய்யும் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு பெரிய டிடெக்டர்களுக்கும் தலா 120க்கு மேல்! இவ்வளவும் எதற்கு என்றால், ஒரு ஹிக்ஸ் பிறக்கவே சராசரியாக 150 கோடி மோதல் வேண்டியிருக்கிறது.

சரி, இயந்திரம் அள்ளிக் கொடுத்தால் போதுமா, டிடெக்டர் அதை வாங்கிக்கொள்ள வேண்டுமே. எனக்கு மலைப்பாக இருப்பது இந்த இடம்தான். புரோட்டான்கள் கொத்துக் கொத்தாகத்தான் ஓடுகின்றன, ஒரு கொத்தில் பத்தாயிரம் கோடிக்கு மேல் புரோட்டான்கள்; தலைமுடியைவிட மெல்லியதாக நசுக்கப்பட்ட இரண்டு கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவும்போது மோதிக்கொள்வது ஏறக்குறைய 60 ஜோடிதான், மற்றதெல்லாம் தொடாமல் போய்விடும். அந்த 60 மோதலின் தெறிப்புகளும் ஒரே சமயத்தில் வந்து விழ, எந்தத் தடம் எந்த மோதலிலிருந்து கிளம்பியது என்று சிலிக்கான் சில்லுகள் பதிந்த புள்ளிகளை வைத்துப் பின்னோக்கிக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். அடுத்த கொத்து 25 நானோவிநாடியில் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் சேமிக்க எந்தக் கணினியாலும் ஆகாது, அதனால் 'டிரிகர்' என்ற சல்லடை சில மைக்ரோவிநாடிக்குள் முதல் முடிவை எடுக்கிறது. அது விட்டது விட்டதுதான், திரும்பி வராது. வந்த மோதல்களில் 90 சதவீதத்துக்கு மேல் டிடெக்டர் விழித்திருந்து கவனித்தது என்றால்தான் அந்த ஆண்டு நல்ல ஆண்டு.

அப்புறம், இயந்திரம் நிற்காமல் ஓடியதா என்பதும் உண்டு. 2008 செப்டம்பர் 10ல் முதல் புரோட்டான் கற்றை சுற்றியது, ஒன்பதாம் நாளே இரண்டு காந்தங்களுக்கு இடையிலான மின் இணைப்பு ஒன்று பழுதாகி, காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் டன் கணக்கில், இயந்திரம் இருக்கும் சுரங்கத்துக்குள் பீறிட்டது. முதல் மோதலைப் பார்க்க 2009 நவம்பர் ஆகிவிட்டது.