ஏர் டாக்ஸி ஆராய்ச்சி: கோடையில் எங்கே முயலலாம்?
கோவையில் மூன்றாம் ஆண்டு ஏரோநாட்டிகல் படிக்கிறீர்கள், மின்சார ஏர் டாக்ஸி ஆராய்ச்சிக்காக இளநிலை மாணவர்களை ஆராய்ச்சியில் சேர்க்கும் அமெரிக்காவின் ஆர்.இ.யு. கோடைத் திட்டங்களில் சேர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நேரம் செலவிடாதீர்கள், அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பான என்.எஸ்.எஃப். தரும் அந்த உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான்.

சென்னை ஐ.ஐ.டி.யின் கோடை ஃபெல்லோஷிப் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். மின்சார ஏர் டாக்ஸி உருவாக்கும் ஈபிளேன் நிறுவனம் உருவானதே அங்கேதான், நிறுவனர் சத்ய சக்கரவர்த்தி அங்கே ஏரோஸ்பேஸ் பேராசிரியர். அப்புறம் இந்திய மாணவர்களுக்கான ஜெர்மனியின் ஆராய்ச்சிப் பயிற்சி உதவித்தொகையான டாட் வைஸ் (DAAD WISE), அதற்கு அங்குள்ள ஒரு பேராசிரியரின் அழைப்பு வேண்டும். பேராசிரியருக்கு அனுப்பும் மெயிலில் "ஆர்வம் உண்டு" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது கஷ்டம். ரோட்டர் இரைச்சலோ பேட்டரி எடையோ ஒன்றைப் பிடித்து, அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு, எட்டு ரோட்டர் வண்டி மிதந்து நிற்க எவ்வளவு பவர் தேவை என்பது போல நீங்களே போட்ட ஒரு கணக்கை இணைத்து அனுப்புங்கள்.